அன்றாடத் தேவைகளுக்குக் கர்த்தரை நம்பி வாழ்வது எப்படி: குடும்பத்தாருக்கு ஒரு வழிகாட்டி

"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்ற சொல் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் நாள்தோறும் புழங்குகிறது. பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஜூன் மாதத்திலும், மருத்துவமனையில் முன்பணம் கேட்கும்போதும், வேலை போன செய்தியோடு வீட்டுத் தலைவர் திரும்பி வரும் மாலையிலும் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுகிறார். சொன்ன பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. சிலர் சொல்லிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துவிடுகிறார்கள். சிலர் சொல்லிவிட்டு இரவெல்லாம் விழித்திருந்து மனக்கணக்குப் போடுகிறார்கள். இன்னும் சிலருடைய வீட்டில் சுவரில் வாக்குத்தத்த வசனம் தொங்க, அதன் கீழேயே வட்டிக்காரருக்கு வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடும் காரியம் நடக்கிறது. இந்த மூன்று நிலைகளுக்கும் மாற்றாக, தேவன் போஷிப்பார் என்ற விசுவாசத்தை வீட்டின் கணக்கு, உழைப்பு, சபை உறவு ஆகிய எல்லாவற்றுக்குள்ளும் எப்படிக் கொண்டுவருவது என்பதை இங்கே காண்போம்.

முதலில் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பாடத்தை வேதாகமம் மிக விரிவாகக் கற்பிக்கும் இடம் யாத்திராகமம் 16-ஆம் அதிகாரம். எகிப்திலிருந்து வெளியேறி வனாந்தரத்தில் பசியோடு நின்ற ஜனங்களுக்குக் கர்த்தர் மன்னாவைக் கொடுத்தபோது, அதை எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னார்: தலைக்கு ஒரு ஓமர், அதாவது இன்றைய அளவில் ஏறத்தாழ 2 லிட்டர் கொள்ளளவு. மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியும் இல்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவும் இல்லை. மறுநாளைக்கென்று ஒளித்துவைத்தது புழுத்து நாறியது. ஆனால் ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் இரட்டிப்பாய்ச் சேர்த்து வைத்தது கெடவில்லை. ஆகவே எடுத்துவைப்பதை அந்த அதிகாரம் ஒட்டுமொத்தமாகக் கண்டிக்கவில்லை. நாளைக்குக் கொடுக்கமாட்டார் என்ற சந்தேகத்தில் பதுக்குவதையே கண்டிக்கிறது.

நாம் பெரும்பாலும் கவனிக்காமல் விட்டுவிடும் ஒரு விவரமும் அங்கே உண்டு. மன்னா பாளயத்தைச் சுற்றி நிலத்தின்மேல் கிடந்ததே தவிர, ஒருவருடைய பானைக்குள்ளும் விழவில்லை. வெயில் ஏறினால் உருகிப்போகும் என்பதால் காலையிலேயே எழுந்து வெளியே போய்ப் பொறுக்க வேண்டியிருந்தது. அதை ஏந்திரத்தில் அரைத்தார்கள், உரலில் இடித்தார்கள், பானையில் சமைத்தார்கள், அப்பமாகச் சுட்டார்கள் என்று எண்ணாகமம் 11-ஆம் அதிகாரம் கூறுகிறது. கொடுத்தவர் கர்த்தர், குனிந்து பொறுக்கியதும் அடுப்படியில் நின்றதும் ஜனங்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிற இடத்தில்தான் நம்முடைய குழப்பங்கள் தொடங்குகின்றன.

எனவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, உங்கள் வீட்டின் "ஓமர்" எவ்வளவு என்று கண்டுபிடிப்பது. அரிசி, பருப்பு, எண்ணெய், பால், எரிவாயு உருளை, மின்கட்டணம், வாடகை, பேருந்துச் செலவு, பள்ளிச் செலவு, மாத்திரை மருந்து ஆகியவற்றுக்கு மாதத்திற்கு எவ்வளவு ஆகிறது என்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் அழைத்துக்கொள்ளுங்கள். எந்தச் செலவு தானாக வந்து நிற்கும் என்பது மற்றவர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பட்டியலில் புதிய கைபேசியும் உறவினர் வீட்டுத் திருமணத்திற்கான பட்டுச் சேலையும் இடம்பெற்றால், அவற்றைத் தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவற்றைக் கேட்பது பாவம் என்பதற்காக அல்ல. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று இயேசு கற்பித்த ஜெபத்திற்குள் வருவது எது, வராதது எது என்று நமக்கே தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. நீதிமொழிகள் 30-ஆம் அதிகாரத்தில் ஆகூர் ஒரு படி மேலே போய், தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்று கேட்கிறான். படியளக்கும்படி கேட்கிறவனுக்குத் தன் படி எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

தேவையைப் பெயரும் தொகையுமாகச் சொல்லி ஜெபியுங்கள்

"எங்கள் தேவைகளையெல்லாம் சந்தியும்" என்று பொதுவாகக் கேட்கும் ஜெபத்தில் தவறு இல்லை. ஆனாலும் அப்படிக் கேட்டவர்களுக்குப் பதில் வந்ததா இல்லையா என்பது பல நேரங்களில் தெரியாமலேயே போய்விடுகிறது. எண்பது பக்க நோட்டு ஒன்றை இதற்கென்று ஒதுக்கி, பக்கத்தின் இடப்புறத்தில் தேதியையும் தேவையையும் எழுதுங்கள். "ஜூன் 3: இளையவளுக்குச் சீருடை, இரண்டு ஜோடி, தையற்கூலியோடு ரூ. 1,400." "ஜூன் 9: அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை, ஒரு மாதத்திற்கு ரூ. 620." வலப்புறத்தைக் காலியாக விட்டுவையுங்கள். குடும்ப ஜெபத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, எழுதியதை எழுதியபடியே சொல்லி ஜெபியுங்கள். தேவை சந்திக்கப்பட்ட நாளில், எந்த வழியாகச் சந்திக்கப்பட்டது என்பதை வலப்புறத்தில் எழுதுங்கள்: மிகைநேர வேலைக்கான கூலி வந்தது, அத்தை மூத்தவளின் பழைய சீருடையைக் கொடுத்தார், அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசமாகக் கிடைத்தது. சில வரிகளுக்கு நேரே "கிடைக்கவில்லை" என்று எழுத வேண்டிவரும். அதையும் எழுதுங்கள். கிடைத்ததை மட்டும் எழுதிய நோட்டுக்குச் சாட்சிக் கூட்டத்தில் மதிப்பு இருக்கலாம். இக்கட்டான நேரத்தில் நீங்கள் அதை நம்பித் திறந்து பார்க்க முடியாது.

இந்தப் பழக்கத்தைப் பெரிய அளவில் கடைப்பிடித்துக் காட்டியவர் ஜார்ஜ் முல்லர். பிரஷ்யாவில் 1805-இல் பிறந்து, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836-இல் ஒரு வாடகை வீட்டில் அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தைத் தொடங்கிய இவர், பிற்காலத்தில் ஆஷ்லி டவுன் என்ற இடத்தில் ஐந்து பெரிய கட்டடங்களில் ஒரே நேரத்தில் 2,000 பிள்ளைகள் தங்கும் அளவுக்கு அந்தப் பணியை வளர்த்தார். பணம் தாருங்கள் என்று மனிதரிடம் கேட்பதில்லை, கடனுக்குப் பொருள் வாங்குவதில்லை என்ற இரண்டு தீர்மானங்களை அவர் கொண்டிருந்தார். நம் பிரசங்கங்களில் அவருடைய ஜெபத்தைப் பற்றி நிறையக் கேட்கிறோம். அவருடைய கணக்குப் புத்தகத்தைப் பற்றிக் கேட்பதில்லை. வந்த காணிக்கை ஒவ்வொன்றையும், சில பென்னிகளாக இருந்தாலும், பதிவுசெய்து ஆண்டறிக்கையாக அச்சிட்டார். 1841-ஆம் ஆண்டின் இறுதியில் கையிருப்பு மிகவும் குறைந்திருந்த வேளையில், ஆண்டுக் கூட்டத்தை அப்போது நடத்தினால் அதுவே மறைமுகமாகப் பணம் கேட்பதாகிவிடும் என்று எண்ணி, கூட்டத்தையும் அறிக்கையையும் தள்ளிவைத்தார். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் 1901 முதல் பிள்ளைகளை ஏற்று வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரும், பணத்திற்காக மனிதரிடம் முறையிடுவதில்லை என்ற இதே வழியில்தான் நடந்தார்.

இவர்களைப் பின்பற்றி நம் வீட்டுத் தேவையையும் யாரிடமும் சொல்லாமல் மறைத்துவைக்க வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டியதில்லை என்பதே என் கருத்து. தேவன் இன்றும் உயிரோடிருந்து ஜெபத்தைக் கேட்கிறார் என்பதை உலகத்துக்கு முன்பாக நிரூபிக்கும் ஒரு குறிப்பிட்ட அழைப்பை முல்லர் பெற்றிருந்தார். அந்த மௌனம் அதற்குரியது. பவுல் அப்போஸ்தலனோ எருசலேமிலிருந்த ஏழைப் பரிசுத்தவான்களின் தேவையைக் கொரிந்து சபைக்கு இரண்டு அதிகாரங்கள் நிறைய எழுதினார். நாம் மௌனமாயிருப்பதற்குப் பல வேளைகளில் காரணம் கௌரவம். அதற்கு விசுவாசம் என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம்.

வீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில் ஒரு விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் வந்து அழுகிறாள். கணவன் இறந்துவிட்டான், கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். எலிசா அவளிடம், வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய் தவிர வேறொன்றும் இல்லை என்கிறாள். அந்த எண்ணெயே அயல்வீடுகளில் கேட்டு வாங்கிய பாத்திரங்களையெல்லாம் நிரப்பியது. அதற்குப் பிறகு சொல்லப்பட்ட கட்டளையைக் கவனியுங்கள்: எண்ணெயை விற்க வேண்டும், கடனைத் தீர்க்க வேண்டும், மீந்ததைக் கொண்டு ஜீவனம் பண்ண வேண்டும். அற்புதம் நடந்து முடிந்த வீட்டிலும் சந்தைக்குப் போகிற வேலை இருந்தது. முதலில் கடன், பிறகு ஜீவனம் என்ற வரிசையும் இருந்தது.

உங்கள் வீட்டில் இருப்பதையும் இதே கண்ணோடு பாருங்கள். தையல் தெரிந்த கை, ஓடாமல் நிற்கும் இருசக்கர வாகனம், காலியாகக் கிடக்கும் மாடி அறை, வீட்டின் பின்னாலுள்ள முருங்கை மரம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடிய மகள் என்று எதுவும் இந்தப் பட்டியலில் வரலாம். கூடவே, உங்களுக்கு உரிமையாயிருந்தும் நீங்கள் கேட்டு வாங்காத உதவிகளையும் எழுதுங்கள். குடும்ப அட்டைக்குரிய அரிசி, மகளிர் உரிமைத் தொகை, முதியோர் ஓய்வூதியம், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை, படிக்கிற பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகை ஆகியவற்றில் தகுதியுள்ளது எதுவென்று விசாரியுங்கள். நியாயவிலைக் கடை வரிசையில் நிற்பதை விசுவாசக் குறைவு என்று எண்ணுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். பஞ்ச காலத்தில் கேரீத் ஆற்றண்டையில் எலியா தீர்க்கதரிசிக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தவை காகங்கள். எலியா, கொண்டுவருகிறது யார் என்று பார்த்து மறுக்கவில்லை.

வேலையைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவுங்கூடாது என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், தாமே கூடாரம் பண்ணுகிற தொழில் செய்தவர். "மனதில்லாதவன்" என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. வேலை கிடைக்காதவனையும் உடல் நலிந்தவனையும் நோக்கி இந்த வசனத்தை வீசக் கூடாது.

கடன் வாங்கும் முன்

நம் வீடுகளில் விசுவாசம் சோதிக்கப்படுகிற முதன்மையான இடம் இதுதான். வாரந்தோறும் குழுவாகக் கூடித் தவணை கட்டும் நுண்கடன், நகைக்கடன், சீட்டு, கடைசியில் கந்துவட்டி என்று வழிகள் அடுத்தடுத்துத் திறந்துகொண்டே இருக்கின்றன. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வாரம் காத்திருப்பது என்று குடும்பமாகத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். உயிர்காக்கும் மருத்துவச் செலவுக்கு மட்டும் விலக்கு இருக்கட்டும். அந்த ஒரு வாரத்தில் மேலே சொன்ன நோட்டில் தேவையை எழுதி ஜெபியுங்கள், வீட்டில் இருப்பதைப் பாருங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் கடன் தவிர்க்க முடியாததானால், வட்டியை ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் என்பது காதுக்குச் சிறிதாகக் கேட்கும். ஆண்டுக்கு அது 60 சதவீதம். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்காதீர்கள். நாள்வட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஏற்கெனவே அந்த வலையில் இருப்பவர்கள் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாமல் ஒரு வழக்கறிஞரையாவது இலவச சட்ட உதவி மையத்தையாவது அணுக வேண்டும். அணுகும் துணிச்சலுக்காகவும் ஜெபிக்கலாம்.

இன்னொரு வகைக் கொடுக்கல் வாங்கலும் உண்டு. "ஆயிரம் ரூபாய் விதையுங்கள், நூறு மடங்காகத் திரும்ப வரும்" என்று வாக்குக் கொடுத்துக் காணிக்கை கேட்கும் குரல்களுக்குத் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் பஞ்சமில்லை. வாடகைப் பணத்தை அப்படி அனுப்பிவிட்டு வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்பதை விசுவாசம் என்று சொல்ல முடியாது. இலாபம் எதிர்பார்த்துப் பணம் போடுவதற்கு வேறு பெயர் உண்டு. பொருத்தனை பண்ணுவதானாலும் உங்கள் கையில் உள்ளதற்குள் பண்ணுங்கள்.

சபைக்குச் சொல்லுங்கள், சபையாய்க் கேளுங்கள்

தேவன் போஷிக்கிற வழிகளில் பெரும்பாலானவை மனிதருடைய கைகள். மிசோரம் மாநிலத்துக் கிறிஸ்தவப் பெண்கள் 1910-ஆம் ஆண்டளவில் தொடங்கி இன்றுவரை காத்துவரும் பழக்கம் ஒன்று உண்டு: ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும், குடும்பத்துக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனியே ஒரு பாத்திரத்தில் போட்டுவைக்கிறார்கள், அது சபைக்குப் போகிறது. பணமாக்கப்பட்ட அந்த அரிசி அங்குள்ள சபைகளின் ஊழியத்தைத் தாங்கும் தூண்களில் ஒன்றாக இருக்கிறது. நம் பக்கத்திலும் பிடி அரிசிக் காணிக்கை பல சபைகளில் இருந்திருக்கிறது. அதை உங்கள் வீட்டில் மறுபடியும் தொடங்குங்கள். அரிசியை ஆலயத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. தெருவில் தனியாக வாழும் ஒரு முதியவருக்கு மாத இறுதியில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் போதும். ஏழை வீடுகளுக்கும் இது சாத்தியம் என்பதே இதன் சிறப்பு. குறைவில் இருக்கும்போது கொடுத்துப் பழகியவருக்குக் குறைவில் இருக்கும்போது வாங்கிக்கொள்வதும் கூச்சமாக இருக்காது.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்குக் கேட்டு எடுக்கும் தாராளம் நம்மிடம் இருக்கிறது. அசனப் பண்டிகையில் ஊரையே உட்காரவைத்துச் சோறு போடும் மனமும் இருக்கிறது. ஆனால் அதே பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பத்தில் மறுநாள் அடுப்பு எரியுமா என்று நமக்குத் தெரியாமலும் இருக்கிறது. உங்களுக்குத் தேவை உண்டானால் சேகர குருவானவரிடமோ (உங்கள் வட்டாரச் சபைகளின் போதகர்), சபை ஊழியரிடமோ, பெண்கள் ஐக்கியத்தில் வாய் கட்டுப்பாடுள்ள ஒரு அக்காவிடமோ தொகையோடு சொல்லுங்கள். "ஜெபித்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் மீதியைப் புரிந்துகொள்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் கேட்கும் இடத்தில் இருந்தால், "ஜெபிக்கிறேன்" என்று சொல்லும் முன் யாக்கோபு 2:15, 16 வசனங்களை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். வஸ்திரமும் ஆகாரமும் இல்லாதவர்களைப் பார்த்து, சமாதானத்தோடே போங்கள், பசியாறுங்கள் என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்புவதால் பிரயோஜனம் என்ன என்று அவர் கேட்கிறார்.

வராமல் போகும்போது

ஜெபித்தும், உழைத்தும், சொல்லியும் தேவை சந்திக்கப்படாத மாதங்கள் உண்டு. இதை மறைத்து எழுதும் எந்த வழிகாட்டியும் யாருக்கும் உதவாது. எலியா கர்த்தருடைய சொல்லுக்குக் கீழ்ப்படிந்துதான் கேரீத்துக்குப் போனார். ஆனாலும் அந்த ஆறு வற்றிப்போயிற்று. எலியா செய்த குற்றம் எதுவும் அங்கே சொல்லப்படவில்லை. தேசத்தில் மழை பெய்யவில்லை என்ற ஒரே காரணமே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே தேவை சந்திக்கப்படாத வீட்டில் போய் மறைந்த பாவத்தைத் தேடாதீர்கள். ஆறு வற்றியபின்தான் சாறிபாத்துக்குப் போகும் கட்டளை வந்தது. அங்கேயும் எலியாவைப் போஷிக்க நியமிக்கப்பட்டவள், கடைசிப் பிடி மாவோடு விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு விதவை.

இப்படிப்பட்ட நாட்களில் செய்யக்கூடியவை சில. ஜெபத்தில் கோபமும் கண்ணீரும் வந்தால் அடக்காதீர்கள். சங்கீதங்களில் பல அப்படித்தான் இருக்கின்றன. ஒரு மாதத்துக்கான தேவையை எழுதுவதை நிறுத்திவிட்டு, அந்த ஒரு நாளுக்கானதை மட்டும் எழுதுங்கள். "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று இயேசு சொன்னது இதற்காகவே. நோட்டின் பழைய பக்கங்களை, "கிடைக்கவில்லை" என்று எழுதிய வரிகளோடு சேர்த்து, வீட்டார் கேட்கச் சத்தமாக வாசியுங்கள். தூக்கமின்மையோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ வந்தால், அதை ஆவிக்குரிய பலவீனம் என்று மறைக்காமல் உடனே வீட்டாரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், தொழுவத்தில் மாடு இல்லாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று ஆபகூக் பாடினான் என்றால், அந்த இல்லாமைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்ன பிறகே பாடினான்.

மிச்சம் வரும்போது

குறைவில் நம்புவதைவிட நிறைவில் நம்புவது கடினம் என்று தோன்றுகிறது, ஏனென்றால் அப்போது நம்பிக்கைக்கு அவசியமே இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. எகிப்தில் யோசேப்பு ஏழு விளைச்சல் ஆண்டுகளிலும் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்தான். அது பஞ்சத்தில் தேசங்களையே போஷித்தது. லூக்கா 12-ஆம் அதிகாரத்து ஐசுவரியவானும் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தான். அவனைத் தேவன் மதிகேடனே என்றார். இருவரும் சேர்த்தவர்களே. ஒருவனுடைய களஞ்சியம் பசித்தவர்களுக்குத் திறக்கப்பட்டது, மற்றவனுடைய யோசனையில் தன் ஆத்துமாவைத் தவிர வேறு யாரும் இல்லை.

எனவே போனஸ், அறுவடைப் பணம், சீட்டுத் தொகை என்று எது கைக்கு வந்தாலும், செலவுக்கு முன் மூன்றாகப் பிரியுங்கள்: தசமபாகமும் பிடி அரிசிப் பங்கும் முதலில், வட்டி அதிகமுள்ள கடனுக்கு அடுத்தது, மூன்றாவது, அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் வீட்டின் மூன்று மாதச் செலவு சேரும்வரை. அந்த மூன்று மாத அளவு நிறைந்துவிட்டால், அதற்குமேல் சேர்வதில் ஒரு பகுதியை உங்கள் சபையில் இந்த ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத ஒரு பிள்ளைக்கு ஒதுக்குங்கள். யாருக்கு என்று சேகர குருவானவரிடம் கேட்டால் சொல்லுவார். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும் அவரிடமே சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளையின் வீட்டு நோட்டில் வலப்புறத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.